ரேடியோ நெல்லைத் தந்த கோபுரம்

டெல்டா பக்கம் போனால் எண்பது வயது விவசாயி ஒருவரிடம் ஏ.டி.டி. 27 பற்றிக் கேளுங்கள், யோசிப்பார். ‘ரேடியோ நெல்’ என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார். 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த குறுவை ரகம் அது. ஜப்பானிய நெல்லையும் நம் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கியது. எப்போது விதைப்பது, எவ்வளவு உரமிடுவது என்று திருச்சி வானொலி சொல்லச் சொல்ல, தஞ்சை மாவட்டமெங்கும் பரவியது. பெயரை வைத்தவர்கள் விவசாயிகளே. 1939 மே 16-ல் 5 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பியோடு தொடங்கிய நிலையம் அது.

மத்திய அலைக் கோபுரத்தை ரோட்டிலிருந்து பார்த்திருப்பீர்கள். அதன் பாதி வேலை மண்ணுக்கு அடியில் நடக்கிறது. கோபுரத்தைச் சுற்றி, சக்கரத்தின் ஆரக்கால் போல, நூறுக்கும் மேற்பட்ட செம்புக் கம்பிகளைப் புதைப்பது வழக்கம். 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 416 மீட்டர். அதில் கால் பங்கு நீளம் ஒவ்வொரு கம்பிக்கும் வேண்டும். அலை தரையைப் பற்றிக்கொண்டே ஓடுவதால், மண் எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறதோ அவ்வளவு தூரம் போகும். உங்கள் மண் பரிசோதனை அட்டையில் இ.சி. என்றொரு எண் இருக்கிறதே, அதே சங்கதிதான். நமக்குத் தலைவலி தரும் உவர் நிலம் ரேடியோக்காரருக்கு வரம்! திருத்தணி போன்ற பாறை பூமி அவருக்கு ஆகாது. அப்படியும் சென்னை நிலையம் இங்கே கேட்டது.

1960 ஏப்ரல் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் இது. எல்லைக்கல் எங்கே என்று அலைக்குத் தெரியாது. நகரிப் பக்கத்து விவசாயியும் கேட்டார்.

சில ஆண்டுகளாகப் பிரசார் பாரதி மத்திய அலை ஒலிபரப்பிகளை மூடி எஃப்.எம்.முக்கு மாறி வருகிறது. நாக்பூரின் 1,000 கிலோவாட் ஒலிபரப்பி வழியே இரவில் ஒலித்த தேசிய அலைவரிசை 1988-ல் தொடங்கியது. அதை மூட 2018 டிசம்பரில் உத்தரவானது. மின்கட்டணம் அதிகம், உதிரிபாகம் கிடைப்பதில்லை என்கிறார்கள். பொய்யில்லை. ஒலியும் எஃப்.எம்.மில்தான் தெளிவு.

ஆனால் எஃப்.எம். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போவது. மலைக்குப் பின்னால் நிழல் விழும். பள்ளிப்பட்டுப் பக்கம் குன்றுகளுக்கு இடையே நிலம் வைத்திருப்பவருக்கு இது விளையாட்டல்ல. செல்போனில் கேட்கலாமே என்பார்கள். புயலில் செல்போன் கோபுரம் செயலிழந்தால்? இரண்டு பேட்டரி போட்ட ரேடியோ அன்றும் பேசும். படைப்புழு எச்சரிக்கையானாலும் மழை அறிவிப்பானாலும் ஒரே நேரத்தில் எல்லார் காதிலும் விழவேண்டும். எஃப்.எம். எட்டாத ஊர்களின் பட்டியலை எடுக்காமல் எந்தக் கோபுரத்தையும் நிறுத்தக்கூடாது என்பது என் கருத்து.

விரிவாக்க அலுவலர்களே, அந்தப் பட்டியலை உங்களால் எடுக்க முடியும். அடுத்த கிராமக் கூட்டத்துக்கு ஒரு பழைய ரேடியோவைக் கொண்டுபோங்கள். காலையிலும் மாலையிலும் எந்த நிலையம் எப்படிக் கேட்கிறது என்று ஊர்ப் பெயரோடு குறித்து, வானொலி நிலையத்துக்கு அனுப்புங்கள். அஞ்சலட்டை போதும்.