நம் குடும்பத்திற்கும் ஒரு வரலாறு உண்டு

நாட்டுக்கு வரலாறு உண்டு. ஊருக்கு வரலாறு உண்டு. கோயிலுக்குத் தல வரலாறு உண்டு. ஆனால், "உங்கள் குடும்பத்தின் வரலாறு யாது?" என்று வினவினால் நம்மவருள் பலர் நகைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். "பால்மரம் சீவ வந்தவர்களுக்கு வரலாறு ஏது ஐயா?" என்பதே அவர்தம் விடை. இவ்விடையை ஏற்க என் மனம் இசையவில்லை. நமக்கும் வரலாறு உண்டு. அதனை எழுதி வைக்கும் பழக்கந்தான் இல்லை. அப்பழக்கத்தை இன்றே தொடங்க வேண்டும் என்பதும், அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை என்பதும் என் துணிபு.

மலாயாவில் வாணிப நோக்குடன் இரப்பர் முதன்முதலில் பயிரிடப்பட்டது நம் மலாக்கா மாநிலத்தில்தான். 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பார் அதனைத் தொடங்கினார். அவர் பெயரை நூல்கள் போற்றுகின்றன, அது தகும். ஆயினும், அதற்குப்பின் இம்மாநிலமெங்கும் பெருகிய தோட்டங்களில் காட்டை அழித்து, கன்றை நட்டு, விடியுமுன் பெரட்டுக்கு நின்ற நம் முன்னோரின் பெயர்கள் எந்த நூலில் உள்ளன?

இதனினும் வேதனை தருவது ஒன்றுண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த சயாம் - பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். சென்றவருள் பலர் திரும்பவில்லை. அதே பாதையில் மாண்ட போர்க்கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேர் தாய்லாந்தின் கஞ்சனபுரி போர்க் கல்லறையில் துயில்கின்றனர். அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல் உண்டு. பெரும்பாலான கற்களில் பெயரும் உண்டு. நம்மவருக்கு அத்தகைய வரிசை இல்லை. "என் பெரியப்பா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை" என்று சொல்லும் மூதாட்டி ஒருவரின் நினைவே அவருக்குரிய ஒரே நடுகல். அம்மூதாட்டியும் மறைந்துவிட்டால் அக்கல்லும் சாய்ந்துவிடும். ஆதலின், குடும்ப வரலாறு எழுதுவது பெருமை பேசுவதற்கன்று. நமக்காக உழைத்து மாண்டவர்க்கு நாம் செலுத்தும் கடன் அது.

இனி, இதனைச் செய்யும் வழி யாது எனக் காண்போம்.

மொரிசியசுத் தீவுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தத்தில் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் ஒருவகையில் நல்வாய்ப்புப் பெற்றவர்கள். மொரிசியசில் மகாத்மா காந்தி நிலையம் குடியேறிகளின் பதிவேடுகளைக் காத்து வருகிறது. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சென்ற கப்பல்களின் பட்டியல்களில் ஆளின் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் முதலியன எழுதப்பட்டுள்ளன. நம் நிலை வேறு. மலாயாவுக்கான சஞ்சிக்கூலி முறை 1910இல் நின்றது. அதன்பின் வந்தோர் பெரும்பாலும் கங்காணி வழியாக வந்தவர்கள். 1907இல் அமைந்த குடிநுழைவு நிதி அவர்தம் கப்பற் செலவை ஏற்றது. அவர்களுக்குத் தனித்தனி ஒப்பந்தச் சீட்டு இல்லை. ஆகவே, அத்தகைய பட்டியலை நம்பி நாம் தொடங்க இயலாது. நம் தேடல் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! முதற்சான்று உங்கள் பாட்டியும் தாத்தாவும்தான். அவர்கள் அருகில் அமர்ந்து, பொறுமையுடன் கேளுங்கள். எந்த ஊர், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், யாருடன் வந்தார்கள், குலதெய்வம் எது என்று வினவி, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஊரின் பெயர் மறந்தவர்க்கும் குலதெய்வத்தின் பெயர் நினைவிருப்பதுண்டு. அத்தெய்வம் நிற்கும் கோயிலே ஊருக்கு வழிகாட்டும். "கங்காணியோடு வந்தார்" என்று கூறினால், அவர் பெரும்பாலும் 1938க்கு முன் வந்தவர் எனக் கொள்ளலாம். ஏனெனில் அவ்வாண்டில் இந்திய அரசு அம்முறையிலான குடிபெயர்வைத் தடுத்துவிட்டது. "ரஜூலாவில் வந்தார்" என்றால், அக்கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது என்பதைக் கொண்டு காலத்தை ஒருவாறு வரையறுக்கலாம்.

இரண்டாவது சான்று வீட்டிலுள்ள பழைய டிரங்குப் பெட்டி. பழைய கடப்பிதழ், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மணியார்டர் இரசீது, ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகியன அதனுள் கிடக்கலாம். கடிதத்தின் உறையைக்கூட எறிந்துவிடாதீர். அதன்மேல் ஊர், அஞ்சல், தாலுக்கா, ஜில்லா யாவும் இருக்கும். அஞ்சல் முத்திரையில் நாளும் இருக்கும். ஆனால் ஒன்று நினைவிற் கொள்க: தமிழகத்தின் மாவட்டங்கள் பலமுறை பிரிக்கப்பட்டுள்ளன. "சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுக்கா" என்று பழைய கடிதத்தில் கண்ட ஊர், 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. "தென்னாற்காடு" என்பது 1993இல் கடலூர் என்றும் விழுப்புரம் என்றும் பிரிந்தது. பழைய பெயரைக் கொண்டு இன்றைய படத்தில் தேடி, "அப்படி ஓர் ஊரே இல்லை" என்று சோர்ந்துவிடக் கூடாது.

அடையாள அட்டையும் பேசும். 1990 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் பிறந்த இடத்தையும் காட்டும். 04 என்றால் மலாக்கா. 75 என்றால் இந்தியா. உங்கள் வீட்டுப் பெரியவரின் அட்டையைப் பாருங்கள். கடல் கடந்து வந்த கதை அவ்விரு இலக்கங்களில் அடங்கியிருக்கக் காண்பீர்கள். ஆயினும், முற்காலத்தில் வயதை மதிப்பிட்டு எழுதியதும் உண்டு. ஒரே முத்துசாமியின் பெயரை மூன்று கிராணிமார் மூன்று விதமாக ரோமன் எழுத்தில் எழுதியதும் உண்டு. எழுத்து வேறுபட்டால் ஆள் வேறு என்று எண்ணிவிடாமல், தந்தை பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒத்துப் பார்த்துத் தெளிக.

பெற்றோர்களே! இவ்விடத்தில் உங்களிடம் சற்று அழுத்தமாகவே கூற விரும்புகின்றேன். இத்தாள்கள் பழங்கதை பேசுவதற்கு மட்டுமல்ல. உங்கள் பேரப்பிள்ளைகளின் குடியுரிமையைக் காப்பவையும் இவையே. சுதந்திரம் பெற்ற 1957 ஆகஸ்டு 31 தொடங்கி ஐந்தாண்டுகள் வரை இந்நாட்டில் பிறந்தோர் பிறப்பினாலேயே குடிமக்களாயினர். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோரின் நிலையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. 1982 மார்ச்சு முதல் நாள் தொட்டு, கோயிலில் தாலி கட்டினாலும் திருமணத்தைப் பதிவு செய்தல் சட்டப்படி வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை, தந்தை குடிமகனாயினும், தாயின் குடியுரிமையையே சார்ந்து நிற்க நேரிடும். தாயிடமும் தாள் இல்லையெனில் அப்பிள்ளையின் நிலை என்னாகும்? பள்ளியில் சேர்வது முதல் தேர்வு எழுதுவது வரை ஒவ்வொரு வாயிலிலும் தடை எழும். காணாமற்போன பிறப்புப் பத்திரத்தின் நகலைத் தேசியப் பதிவிலாகாவில் சிறு கட்டணத்தில் நேரடியாகவே பெறலாம். "நான் எடுத்துத் தருகிறேன்" என்று நூற்றுக்கணக்கில் வெள்ளி கேட்கும் தரகரை நாடற்க.

மூன்றாவது சான்று தோட்டமும் பள்ளியும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்த தோட்டத்தில் பள்ளி அமைப்பது நிர்வாகத்தின் கடமையாயிற்று. அவ்வாறு எழுந்த தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில் மாணவர் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் ஆகியன உள. தோட்ட அலுவலகத்தின் பெயர்ப்பதிவுப் புத்தகங்களோ பலவிடங்களில் அழிந்தன. தோட்டம் கைமாறும்போதும் துண்டாடப்படும்போதும், பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், பழந்தாள்களைப் பேணுவோர் இலர். இன்று எஞ்சியிருப்பவை கோயிற்சுவரில் உள்ள நன்கொடையாளர் பெயர்களும், இடுகாட்டுக் கற்களும், பழைய பள்ளிப் பதிவேடுகளும்தாம். குடும்பத்தோடு கோயில் திருவிழாவுக்குப் பழைய தோட்டம் செல்லும்போது அவற்றைப் படம் பிடித்து வாருங்கள். அடுத்த ஆண்டு அக்கல் அங்கிருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நான்காவது சான்று நூலகமும் ஆவணக் காப்பகமும். மலாக்கா அந்நாளில் நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாதலின், நம் செய்திகள் சிங்கப்பூர் ஏடுகளிலும் வெளிவந்தன. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் ஏற்றியுள்ளது. 1928இல் தொடங்கிய 'மலாக்கா கார்டியன்', 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகியவற்றின் பல இதழ்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தோட்டத்தின் பெயரையிட்டுத் தேடுங்கள். கோயில் விழா, பள்ளி ஆண்டுவிழா, வேலைநிறுத்தம் என ஏதேனும் ஒன்று அகப்படக்கூடும். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகமும் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது.

சிலர் ஐயுறலாம்: "பழங்கதையைக் கிளறினால் சாதி வேற்றுமை தலைதூக்காதா?" நியாயமான வினாவே. ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே குழாயில் நீர் பிடித்த நாம், தோட்டத்தில் பிறந்த ஒற்றுமையைத் தாளில் இழந்துவிடக் கூடாது. உயர்வு தாழ்வு பேசுவதற்காக எழுதப்படும் குடும்ப வரலாற்றை எழுதாதிருப்பதே நன்று. யார் உழைத்தார், எங்கு உழைத்தார், என்ன துன்பம் கண்டார், யாரை வளர்த்தார் என்பனவே நாம் எழுத வேண்டியவை. இன்னும் சிலர், கூலி வேலை செய்ததை எழுத வெட்கப்படுகின்றனர். இந்நாட்டின் சாலையையும் இரயில் பாதையையும் தோட்டத்தையும் உருவாக்கிய உழைப்பில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நிறைவாக ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு விடுமுறையில் நம் பள்ளியின் ஒவ்வொரு மாணவரும் நான்கு தலைமுறையின் பெயர்களை ஒரு தாளில் எழுதிவர வேண்டுகின்றேன். தந்தை வழியோடு தாய் வழியும் எழுதப்பட வேண்டும். நம் பாட்டிமாரும் மழையில் நனைந்து மரம் சீவியவர்களே. பெயர் தெரியாத இடத்தைக் கோடிட்டு விடுங்கள், பொய்யால் நிரப்பாதீர். ஒரு படி வீட்டில் இருக்கட்டும். மற்றொரு படியைப் பள்ளியில் கோப்பிட்டுக் காப்போம். ஐந்து காசுத் தாளும் ஒரு பென்சிலும் போதும். காலந்தான் குறைவாக உள்ளது. பெரியவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்று வருகின்றனர். அவர்கள் சொல்ல இருக்கும்போதே நாம் கேட்போமாக!