ஐந்து வருடம் காத்திருந்தால் அறுநூறு ரூபாய்

"சும்மா உட்கார வச்சுப் பணம் கொடுத்தா எவன் வேலைக்குப் போவான்?" வேலை இல்லாதவர்களுக்கு அரசு பணம் தருவது பற்றிப் பேச்சு வந்தால் போதும், புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்து டீக்கடையிலும் இந்தக் கேள்வி வரும், படித்தவர்கள் கூடும் கூட்டத்திலும் வரும். கேட்பவர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. கேள்வியையே தீர்ப்பாக வைத்திருக்கிறார். அந்தத் தீர்ப்பு தவறு என்பதற்குச் சாட்சி தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, நெடுவாசல் பக்கத்துத் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்திருந்தன. ஒரு தோப்பு விழுந்தால் தோப்புக்காரர் மட்டும் விழுவதில்லை. மரம் ஏறுகிறவர், காய் பொறுக்குகிறவர், மட்டை உரிக்கிறவர், கீற்று முடைகிற பெண்கள், லோடு ஏற்றுகிறவர் என்று அந்தத் தோப்பை நம்பி ஒரு தெருவே இருக்கும். அரசு ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய் அறிவித்தது: நிவாரணம் 600, வெட்டி அகற்ற 500. அது போதாது என்று விவசாயிகள் கொதித்தார்கள், அதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மரத்தில் ஏறிப் பிழைத்தவருக்கு எண்ணிக் காட்ட மரம் ஏது? 15ஆம் தேதி வரை இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு மரத்துக்கு மரம் ஏறி இறங்கியவர், 16ஆம் தேதி காலையில் சோம்பேறி ஆகிவிட்டாரா? புதிதாக வைத்த கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை அவர் வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா?

இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரைக்கு வாருங்கள். ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனம் பெருக வேண்டும் என்பதற்காக அரசே தொழிலை நிறுத்தி வைக்கிறது. அதற்காக மீனவர் குடும்பத்துக்கு நிவாரணமும் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகையை 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் முதலமைச்சர் அறிவித்தார். வேலை இல்லாத நாட்களுக்கு அரசு தரும் பணம்தான் இது, வேறு பெயர் சூட்டினாலும். பணம் வாங்கியவர்கள் என்ன செய்கிறார்கள்? படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள், வர்ணம் அடிக்கிறார்கள், கிழிந்த வலையைப் பிரித்துக் கட்டுகிறார்கள். தடைக்காலம் முடியும் நாளில் ஐஸ் கட்டியும் டீசலும் ஏற்றிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறார்கள். நிவாரணம் வாங்கிவிட்டோம், இனி கடலுக்கு எதற்கு என்று யாரும் வீட்டில் படுத்துவிடவில்லை.

சரி, மற்ற வேலையற்றோருக்கு அரசு எவ்வளவுதான் கொடுக்கிறது? பத்தாம் வகுப்பில் தோற்றவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. அதுவும் உடனே இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, விடாமல் புதுப்பித்து, ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கணவனும் மனைவியும் 300 ரூபாய்க் கூலிக்கு மாதம் பத்துப் பத்து நாள் போனாலே அந்த வரம்பைத் தொட்டுவிடுவார்கள். பொறியியல் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இந்தத் திட்டமே கிடையாது. எல்லாம் பொருந்தினாலும் மூன்று வருடம்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் காத்திருப்பு ஒரு வருடம், தொகையும் கொஞ்சம் கூடுதல்.

அறுநூறு ரூபாய் என்றால் நாளுக்கு இருபது. இந்த இருபது ரூபாய்தான் ஒரு பட்டதாரியைச் சோம்பேறி ஆக்கப்போகிறதா? அவர் பையைத் திறந்து பாருங்கள். பாலித்தீன் உறைக்குள் சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து ஜெராக்ஸ், ஓரம் மடங்கிய பாஸ்போர்ட் போட்டோக்கள். வேலை தேடுவதே காசு பிடிக்கிற வேலை. சென்னைக்கு ஒரு நேர்காணலுக்குப் பஸ்ஸில் போய்வர அந்த ஒரு மாதத் தொகை பற்றாது. 2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935, விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேர் ராத்திரி விழித்துப் படித்துவிட்டு வரிசையில் நிற்கும் ஊரில், இளைஞர்களுக்கு உழைக்க மனமில்லை என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

"வேலை கொட்டிக் கிடக்குது, வடநாட்டுக்காரன் வந்து செய்யறான், நம்மாளுக்குத்தான் வலிக்குது" என்பது அடுத்த வாதம். பீகாரிலிருந்து வருகிறவர் ஒரே அறையில் பத்துப் பேரோடு படுத்துக்கொண்டு குறைந்த கூலிக்கு உழைப்பது ஆசைப்பட்டு அல்ல. ஊரில் வழியில்லாமல் வருகிறார். அவருடைய கதியை அளவுகோலாக வைத்து நம் பிள்ளைகளை அளப்பது இருவருக்குமே செய்யும் அநியாயம். நம் மாவட்டத்தார் மட்டும் வெளியூர் போகவில்லையா? திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வீட்டுக்கு வீடு ஆள் போயிருக்கிறார்கள். வட்டிக்கு வாங்கி ஏஜெண்டிடம் கட்டி, அங்கே சொன்ன வேலை கிடைக்காமல் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். கையில் ஆறு மாதச் சாப்பாட்டுக்கு வழி இருந்திருந்தால் அந்த ஏஜெண்டை நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். பசித்தவன் பேரம் பேச முடியாது. உதவித்தொகை கூடாது என்று சத்தம் போடுகிறவர்களில் மலிவுக் கூலிக்கு ஆள் தேடுகிறவர்களும் இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

வெளிநாட்டுச் சாட்சியும் வேண்டுமா? பின்லாந்து 2017, 2018 இரண்டு வருடமும் வேலையற்ற 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ நிபந்தனையில்லாமல் கொடுத்துப் பார்த்தது. வாங்கியவர்கள் வாங்காதவர்களைவிடக் குறைவாக உழைக்கவில்லை. சில நாட்கள் கூடுதலாகவே வேலை செய்திருந்தார்கள், மனநிம்மதியும் கூடியிருந்தது. நம் அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவும் வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகியவற்றின்போது பொது உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்று அது சொல்வதைப் பிடித்துக்கொண்டு எழுபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம். வரிகட்டுகிறவன் பணம் என்கிறார்கள். சோப்புக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் ஜி.எஸ்.டி. கட்டுகிறவர் வேலை இல்லாதவரும்தான்.

வேலை உருவாக்குவதுதான் நிரந்தரத் தீர்வு, மறுக்கவில்லை. ஆனால் வேலை வரும்வரை ஆள் உயிரோடும் மானத்தோடும் இருக்க வேண்டும். வேலை போன முதல் மாதத்தில்தான் கடன் தொடங்குகிறது, நகை அடகுக்குப் போகிறது. அப்போது வராத உதவி ஐந்து வருடம் கழித்து வந்து எதை மீட்கும்? தமிழக அரசு அந்த ஐந்து வருடக் காத்திருப்பை ஆறு மாதமாகக் குறைக்க வேண்டும். 72,000 ரூபாய் வரம்பை உயர்த்த வேண்டும். பி.இ. படித்தவரையும், படிக்காமல் மரம் ஏறியவரையும் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். மீனவர் குடும்பத்துக்கு 61 நாளுக்கு 8,000 ரூபாய் நியாயம் என்று ஒப்புக்கொண்ட அரசு, தோப்பில் வேலை இழந்த குடும்பத்துக்கும் அதே கணக்கைப் போட வேண்டும்.