கொசுவலையில் கஞ்சத்தனம் வேண்டாமே!

வீடு கட்டும்போது டைல்ஸுக்கும் பெயின்ட்டுக்கும் கடை கடையாய் ஏறி இறங்குகிறோம். வராந்தாவுக்குக் கொசுவலை என்றதும், 'சதுர அடி என்னப்பா விலை?' என்று கேட்பதோடு சரி.

பொழுது சாய்ந்ததும் ஜன்னலைச் சாத்தினால் போதும் என்பது பழைய வழக்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பதோ பகலில்! நாம் காய் நறுக்குவதும், பிள்ளைகள் விளையாடுவதும் பகலில், அதே வராந்தாவில்தானே?

நைலான் வலை மலிவுதான். ஆனால் வெயிலில் நைந்துவிடும், எலியும் கடித்துவிடும். இரும்பு வலை கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையே நல்லது. ஃபைபர் கிளாஸ் துருப்பிடிக்காது. பூனை பிராண்டினால் தாங்காது. எதுவானாலும் கழற்றி மாட்டுகிற சட்டமாகப் போடச் சொல்லுங்கள். தூசி அடைத்தால் காற்றே வராது. கழுவப் போவது நாம்தானே! அப்படியிருக்க, வலையைத் தேர்ந்தெடுப்பது மட்டும் ஏன் ஆண்கள் வேலை?

வலை போட்டாச்சு என்று தண்ணீர் டிரம்மைத் திறந்து வைக்காதீர்கள். ஏடிஸ் முட்டையிடுவது வீட்டில் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான். வாரம் ஒருமுறை டிரம்மைத் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள்.

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பார்கள். கொஞ்சம் வலைக்கடைக்காரருக்கும் கொடுப்போமே!

- ஓர் இல்லத்தரசி, சென்னை.