மாடிப்படியிலிருந்து விழாத சிறுமி

தடை செய்யப்பட்ட அன்பைப் பற்றிய கதை என்றால் அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு சாவு இருந்தாக வேண்டும் என்பது இலக்கியத்தின் எழுதப்படாத விதி. வாசகர்களாகிய நாமும் அதற்குப் பழகிவிட்டோம். நாயகி இறந்தால் அது காவியம், பிழைத்தால் சமரசம். 1931இல் வெளியான 'மெட்ஷென் இன் உனிஃபோர்ம்' (சீருடையில் சிறுமிகள்) என்ற ஜெர்மானியத் திரைப்படத்தையும் இந்த அளவுகோலைக் கொண்டு குறைசொல்லிவிடலாம். அந்த அளவுகோலே பிழையானது என்பதுதான் என் கட்சி.

லியோண்டீன் ஸாகன் இயக்கிய படம் இது. கலை மேற்பார்வை கார்ல் ஃப்ரோலிஷ். நடித்தவர்கள் அனைவரும் பெண்கள். ஓர் ஆண் பாத்திரம்கூடக் கிடையாது. ஆனால் ஆண்களின் உலகம் முதல் சட்டகத்திலிருந்தே சூழ்ந்து நிற்கிறது. பிரஷ்ய ராணுவத்தின் நகரமான போட்ஸ்டாமின் கோபுரங்கள், கற்சிலைகள், ஊதுகொம்பின் ஒலி. படைவீரர்களின் மகள்கள் படிக்கும் விடுதிப் பள்ளிக்குத் தாயை இழந்த பதினான்கு வயது மனுவேலாவை அவளுடைய பெரியம்மா கொண்டுவந்து விடுகிறாள். அங்கே உடுப்பு ஒன்று, நடை ஒன்று, பசி ஒன்று. பசியும் கண்டிப்புமே பிரஷ்யர்களை உயர்த்தின என்று நம்புகிறவர் தலைமையாசிரியை. வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் உணவு போதவில்லை என்று சொல்வதும் அங்கே குற்றம்.

இந்தக் கட்டிடத்துக்குள் கனிவோடு நடந்துகொள்பவர் ஒருவரே. ஆசிரியை ஃபான் பெர்ன்பர்க். உறங்கப் போகும் முன் வரிசையாக மண்டியிட்டிருக்கும் சிறுமிகள் ஒவ்வொருவரின் நெற்றியிலும் அவர் முத்தமிட்டுச் செல்கிறார். இக்காட்சியை நெகிழ்ச்சியான ஒன்றாக மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துவிட முடியாது. இந்தக் கனிவுக்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. ஆளுக்கு ஒன்று, தினம் ஒன்று என்று ரொட்டித் துண்டைப் போல அது பங்கிடப்படுகிறது. கண்டிப்பை மட்டும் வைத்து எந்த நிறுவனத்தையும் நெடுநாள் நடத்த முடியாது. அளந்து கொடுக்கப்படும் சிறிது அன்பும் அதற்குத் தேவை. பெர்ன்பர்க் நல்லவர். ஆனால் அவருடைய நன்மையும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியே.

மனுவேலா அந்த அளவை மீறுகிறாள். முதல் இரவிலேயே ஆசிரியையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அவளுடைய உள்சட்டை கிழிந்திருப்பதைக் கண்டு பெர்ன்பர்க் தன்னுடைய ஒன்றைக் கொடுத்தபோது வாய்விட்டு அழுகிறாள். தாயை இழந்த குழந்தையின் ஏக்கமா, முதல் காதலா என்று கேட்டால் படம் பதில் சொல்வதில்லை. அந்த வயதில் இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது என்பதை அது அறிந்திருக்கிறது. ஆசிரியையின் கையில் அதிகாரம் இருக்கிறது, சிறுமியின் கையில் ஒன்றுமில்லை என்பதையும் அது மறைக்கவில்லை. பெர்ன்பர்க்கின் முகத்தில் (நடித்தவர் டொரோதேயா வீக்) கனிவுக்குப் பின்னால் எப்போதும் ஓர் அச்சம் தெரிகிறது.

ஷில்லரின் 'டான் கார்லோஸ்' நாடகத்தைப் பள்ளியில் அரங்கேற்றுகிறார்கள். மனுவேலாவுக்குக் கார்லோஸ் வேடம். ஹெர்தா தீலே அவ்வேடத்தில் நிற்கும்போது, இரவல் வாங்கிய வசனத்தில் தன் சொந்த நெஞ்சைக் கண்டுகொண்ட ஒருத்தியைப் பார்க்கிறோம். பின்னர் நடக்கும் விருந்தில் மது கலந்த பானத்தைக் குடித்துவிட்டு, ஆசிரியை தனக்குச் சட்டை கொடுத்ததையும் தன் அன்பையும் எல்லோர் முன்னிலையிலும் உரக்கச் சொல்கிறாள். தலைமையாசிரியை அதைக் கேட்டுவிடுகிறார். அவள் செய்த குற்றம் அன்பு கொண்டதல்ல, அதை அறிவித்தது. அன்று முதல் அவளோடு யாரும் பேசக்கூடாது. தலைமையாசிரியை பாவம் என்று பெயரிட்டதை, அன்பின் எண்ணற்ற வடிவங்களில் ஒன்று என்று பெர்ன்பர்க் எதிர்த்து வாதிடுகிறார். அமெரிக்காவில் 1932இல் படம் வெளியானபோது தணிக்கையின் கத்தரி இந்த வாதத்தின் மீதும் விழுந்தது.

இனி முடிவு. இப்படத்துக்கு மூலம் கிறிஸ்டா வின்ஸ்லோ எழுதிய நாடகம். போட்ஸ்டாமில் விடுதிப் பள்ளியில் படித்த தன் சொந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதியது. 1930இல் லைப்சிக்கிலும் 1931இல் பெர்லினிலும் அது மேடையேறியது. நாடகத்தில் மனுவேலா இறந்துவிடுகிறாள். 1933இல் வின்ஸ்லோ அதை நாவலாக்கியபோதும் இறந்துவிடுகிறாள். திரைப்படத்தில் மட்டும் பிழைக்கிறாள். மாடிப்படியின் உச்சியில் பிரார்த்தனையை முணுமுணுத்தபடி குதிக்கத் தயாராக அவள் நிற்கும்போது, கட்டிடமெங்கும் சிறுமிகள் அவள் பெயரைக் கூவித் தேடுகிறார்கள். பேசக்கூடாது என்ற கட்டளை அந்தக் கூவலில் உடைகிறது. ஓடிவந்து அவளைப் பிடித்து இழுக்கிறார்கள். காப்பாற்றியது ஆசிரியை அல்ல, தோழிகள்.

இதைச் சந்தைக்காகச் செய்யப்பட்ட திருத்தம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. மனுவேலா இறந்திருந்தால் நாம் அழுதிருப்போம். அழுகையோடு கணக்கும் தீர்ந்திருக்கும். இறந்தவளை மன்னிப்பது சமூகத்துக்கு மிக எளிது; அவள் இனி எதையும் கேட்கப்போவதில்லை. பிழைத்தவளோ மறுநாள் காலை அதே வகுப்பறைக்கு வருவாள். அவளோடு என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வரும். அன்பை இருவருக்கிடையிலான தனிப்பட்ட துயரமாகச் சுருக்காமல், ஒரு கட்டிடம் முழுக்கப் பரவும் கீழ்ப்படியாமையாக விரித்ததுதான் இம்முடிவின் சாதனை. நாடகமும் நாவலும் செய்யாதது அது.

மறுதரப்பையும் சொல்லியாக வேண்டும். 'காலிகரியிலிருந்து ஹிட்லர் வரை' (1947) நூலில் ஸீக்ஃப்ரீட் க்ராகௌர் இப்படத்தின் எதிர்ப்பு தயக்கமுள்ளது என்று கருதினார். தலைமையாசிரியை தளர்ந்த நடையில் இருண்ட கூடத்தினூடே திரும்பிச் செல்லும்போது வெளியே மீண்டும் கொம்பு ஒலிக்கிறது. அதிகாரம் அசையவில்லை என்பது அதன் பொருள். அவர் கேட்ட ஒலி சரியானதுதான். 1933 மார்ச் 21 அன்று அதே போட்ஸ்டாமில், காவற்படைத் தேவாலயத்தில், ஹிண்டன்பர்க்கும் ஹிட்லரும் சேர்ந்து நின்றார்கள். படத்தில் சிறு வேடத்தில் நடித்த எரிகா மான் அந்த ஆண்டே நாட்டைவிட்டு வெளியேறினார். ஹெர்தா தீலே 1937இல் ஸ்விட்சர்லாந்துக்குச் சென்றார். யூதக் குடும்பத்தில் பிறந்த ஸாகனின் பிற்கால வாழ்க்கை பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் கழிந்தது. வின்ஸ்லோ 1944 ஜூனில் பிரான்சில் தன் துணைவியோடு சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆனால் க்ராகௌர் கொம்பொலியைக் கேட்ட கவனத்தோடு, அதற்குச் சற்றுமுன் கேட்ட இன்னோர் ஒலியையும் கேட்டிருக்கலாம். பேசக்கூடாது என்று ஆணையிடப்பட்ட சிறுமிகள் ஒருத்தியின் பெயரைக் கூவும் ஒலி. கொம்பொலி அதை அடக்கிவிட்டது என்பது வரலாறு. அப்படியொரு குரல் எழுந்தது என்பதும் வரலாறுதான். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இப்படத்தைப் பார்க்கிறவர்களின் காதில் நிற்பது எந்த ஒலி என்பதை அவரவரே பார்த்துச் சொல்லலாம். என் காதில் நிற்பது அந்தப் பெயர்.