தென்காசியிலிருந்து எல்எல்.எம்: டிசம்பரை விட்டால் ஒரு வருஷம் போச்சு

'எல்எல்.பி ரிசல்ட் வரட்டும், எல்எல்.எம் பற்றி அப்புறம் பார்த்துக்கலாம்' என்பவர்கள்தான் ஓராண்டை இழக்கிறார்கள். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் ஓராண்டு எல்எல்.எம்முக்கு 'கிளாட்' எழுத வேண்டும். 2026 சேர்க்கைக்கு விண்ணப்பம் 2025 ஆகஸ்ட் 1-ல் தொடங்கி, டிசம்பர் 7-ல் தேர்வே முடிந்துவிட்டது. இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். வயது வரம்பு கிடையாது. ஆக, குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போதே படிக்க ஆரம்பிக்கணும்.

120 நிமிடம், 120 கேள்வி. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். தீர்ப்புப் பகுதிகளைக் கொடுத்துக் கேட்பதால் கைடு மனப்பாடம் உதவாது. எல்லாமே ஆங்கிலம். தமிழ்வழியில் வந்தவர்களுக்கு இதுதான் பெரிய சுவர். விண்ணப்பக் கட்டணமே பொதுப்பிரிவுக்கு 4,000 ரூபாய்!

கிளாட் வேண்டாம் என்றால், சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் எல்எல்.எம் இருக்கிறது, ஆனால் அது இரண்டாண்டு.