நிகழ்ச்சிக்கும் நாவலுக்கும் இடைப்பட்ட காலம்

நாவலாசிரியரைச் சந்திப்பவர்கள் தவறாமல் எழுப்பும் வினா, இந்த நாவலை எழுதத் தூண்டியது எது என்பதாகும். அதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சியாக, ஊரில் நேர்ந்த ஒரு சாவாகவோ நாளிதழில் கண்ட ஒரு செய்தியாகவோ இருக்கிறது. இத்தகைய விடைகள் பொய்யானவை என்று சொல்ல முடியாது. எனினும் அதே சாவைக் கண்டவர்களும் அதே செய்தியைப் படித்தவர்களும் பலராயிருக்க, நாவல் எழுதியவர் ஒருவர்தான் என்பதும், அந்த ஒருவரும் உடனே எழுதிவிடவில்லை என்பதும் அவ்விடைகளால் விளக்கப்படாமலேயே நின்றுவிடுகின்றன. நிகழ்ச்சி நடந்த நாளுக்கும் நாவல் உருவான நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுத்தாளருக்குள்ளும் அவருடைய தாள்களிலும் நடந்தவற்றை அறிந்தால்தான் அவ்வினாவுக்கு மெய்யான விடை கிட்டும். அவ்வாறு அறிவதற்குப் போதிய சான்றுகளை விட்டுச்சென்றவர்களுள் முதன்மையானவர் ருஷ்ய நாவலாசிரியர் லியோ டால்ஸ்டாய்.

'அன்னா கரீனினா'வின் தோற்றத்தை விளக்குவோர் 1872 ஜனவரியில் நடந்த ஒரு தற்கொலையிலிருந்து தொடங்குவது வழக்கம். டால்ஸ்டாயின் பண்ணையான யாஸ்னயா போல்யானாவுக்கு அண்மையில் இருந்த நிலக்கிழார் ஒருவரோடு வாழ்ந்துவந்த அன்னா என்னும் பெண், அவருடைய மனம் வேறொருத்தியிடம் சென்றுவிட்டதை அறிந்து, யாசென்கி ரயில் நிலையத்தில் சரக்கு ரயிலின் முன் விழுந்து உயிர்விட்டாள். பிணப் பரிசோதனை நடந்த இடத்துக்கு டால்ஸ்டாய் நேரில் சென்று அவ்வுடலைப் பார்த்தார். ஆனால் அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, 1870 பிப்ரவரியில், உயர்குடியைச் சேர்ந்த, மணமான, நெறி பிறழ்ந்த ஒரு பெண்ணின் உருவம் தம் மனத்தில் எழுந்திருப்பதாகவும், அவளைக் குற்றவாளியாக்காமல் இரக்கத்துக்குரியவளாகக் காட்டுவதே தம் வேலை என்றும் அவர் கூறியதை அவர் மனைவி சோபியா குறித்துவைத்திருக்கிறார். உருவமும் முடிவும் கிடைத்துவிட்ட பின்னும் நாவல் தொடங்கவில்லை. முதலாம் பீட்டர் மன்னரின் காலத்தைப் பற்றிய வரலாற்று நாவல் ஒன்றுக்காக நூல்களைத் திரட்டி, அதன் தொடக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் கைவிடுவதிலேயே அவருடைய காலம் கழிந்தது. 1873 மார்ச்சில் ருஷ்யக் கவிஞர் புஷ்கினின் உரைநடைத் தொகுதியைப் புரட்டியபோது, பீடிகை எதுவுமின்றி விருந்தினர் வந்து கூடும் காட்சியில் நேராகக் கதைக்குள் நுழையும் முற்றுப்பெறாத பகுதி ஒன்று அவர் கண்ணில் பட்ட பிறகே எழுத்து ஓடத் தொடங்கியது. அப்போதும் தொடக்க வரைவுகளில் நாயகி நயமற்றவளாகவும் கணவர் நல்லியல்பு மிக்கவராகவும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. தம் நோக்கமாக அவர் 1870இல் அறிவித்த இரக்கம், வரைவுமேல் வரைவாக எழுதிய பிறகே அவருக்குக் கைவந்தது.

'புத்துயிர்ப்பு' நாவலின் வரலாறு இன்னும் சிக்கலானது. 1887இல் யாஸ்னயா போல்யானாவுக்கு வந்திருந்த சட்ட அறிஞர் அனத்தோலி கோனி, தம் பணிக்காலத்தில் அறிந்த வழக்கொன்றை டால்ஸ்டாயிடம் கூறினார். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நின்ற விலைமகள் ஒருத்தி, தாம் முன்பு கெடுத்துக் கைவிட்ட அனாதைப் பெண்ணே என்பதை, அவ்வழக்கில் ஜூரராக, அதாவது குற்றம் உண்டா இல்லையா என முடிவுரைக்கக் குடிமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவராக, அமர்ந்திருந்த இளைஞர் அடையாளம் கண்டார். பிழைக்கு ஈடாகச் சிறையிலேயே அவளை மணக்க முன்வந்தார். மணம் நிகழும் முன்னர் அவள் டைபஸ் காய்ச்சலால் இறந்தாள். இக்கதையைக் கோனியே எழுத வேண்டுமென்று முதலில் வற்புறுத்திய டால்ஸ்டாய், அவர் எழுதாதது கண்டு அதைத் தமக்குத் தருமாறு கேட்டுப் பெற்றார். 1889இல் தொடங்கிய எழுத்து பலமுறை நின்றுபோயிற்று. தம் நாட்குறிப்பில் நெடுநாள் அதைக் கோனியின் கதை என்றே குறிப்பிட்டுவந்தார்; ஆனால் அது டால்ஸ்டாயின் சொந்தக் கதையாகவும் இருந்தது. இளமையில் உறவினர் வீட்டுப் பணிப்பெண் ஒருத்திக்குத் தாம் இழைத்த தீங்கை முதுமையில் தம் வாழ்க்கை வரலாற்றாசிரியரிடம் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். வேறொருவருடைய வழக்காக வந்துசேர்ந்ததால்தான் தம் குற்றத்தை அவரால் ஏறிட்டுப் பார்க்க முடிந்தது என்று கருத இடமுண்டு.

நாவல் ஏன் நகரவில்லை என்பதற்கான விடையை 1895 நவம்பரில்தான் அவர் கண்டறிந்தார். நாவலின் நாயகனும் பிரபுவுமான நெஹ்லூதவிலிருந்து தொடங்கியதே பிழை என்றும், எளிய மக்களின் வாழ்வே பொருள், மற்றவர் வாழ்வு அதன் நிழல் என்றும், ஆகவே அந்தப் பெண்ணிலிருந்தே தொடங்க வேண்டுமென்றும் நாட்குறிப்பில் எழுதினார். இந்தத் தெளிவும் நாவலை முடிக்கப் போதவில்லை. போர்ப் பணியை மறுத்து 1895இல் தம் ஆயுதங்களைத் தீயிட்டு எரித்த டூகபோர்கள் என்னும் கிறித்தவச் சமயக் குழுவினர் ருஷ்ய அரசின் கடும் ஒடுக்குமுறைக்கு உள்ளாகி, கனடாவில் குடியேற முயன்றபோது, அவர்களுடைய பயணத்துக்குப் பொருள் திரட்ட வேண்டியிருந்தது. 1881க்குப் பிந்திய தம் படைப்புகளின் பதிப்புரிமையை முன்னரே துறந்துவிட்டிருந்த டால்ஸ்டாய், இதற்காக அந்த உறுதியைத் தளர்த்தி, 'நீவா' வார இதழுக்கு நாவலை விற்று, 1899இல் முடித்தார். கோனியின் சொல், பழைய குற்றம், தொடக்கத்தைப் பற்றிய தெளிவு, அகதிகளின் கப்பல் கட்டணம் ஆகிய இவற்றுள் ஒன்றை மட்டும் தூண்டுதல் என்று பிரித்தெடுப்பது மற்றவற்றுக்கு இழைக்கும் அநீதியாகும்.

'ஹாஜி முராத்' குறுநாவலில் இடைவெளி நாற்பத்தைந்து ஆண்டுகள். 1851இல் காக்கசஸ் சென்ற இளைஞரான டால்ஸ்டாய், மலைநாட்டுத் தலைவர் ஹாஜி முராத் ருஷ்யரிடம் சரணடைந்ததை அக்காலத்துக் கடிதமொன்றில் இழிவாகவே குறிப்பிட்டிருந்தார். 1896 ஜூலையில் உழுது கிடந்த வயலின் ஓரத்தில், ஒடிந்து புழுதி படிந்தும் சாகாமல் நின்ற முட்செடி ஒன்றைக் கண்டதும் அம்மனிதர் நினைவுக்கு வந்தார். இளைஞரின் இகழ்ச்சி முதியவரிடம் மதிப்பாக மாறியிருந்தது. செடி தந்த உணர்ச்சியோடு அவர் நின்றுவிடவுமில்லை. ஹாஜி முராத் ருஷ்ய மொழி பேசினாரா, தப்ப முயன்றபோது ஏறிய குதிரைகள் யாருடையவை, அவற்றின் நிறம் என்ன என்றெல்லாம் 1903இல், அவரைத் தம் வீட்டில் காவலில் வைத்திருந்த அதிகாரியின் மனைவிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 1904 வரை திருத்தப்பட்ட அந்நூல் அவர் மறைந்த பின், 1912இல் வெளிவந்தது.

தமிழில் இத்தகைய நெடுங்காலத்தின் அடையாளம் ப. சிங்காரத்திடம் தெரிகிறது. 1938இல் இந்தோனேசியாவின் மேடானுக்குப் பிழைக்கச் சென்று, ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தை அங்கு வாழ்ந்து, போருக்குப் பின் நாடு திரும்பி, மதுரையில் நாளிதழ்ப் பணியில் அமர்ந்த அவருடைய 'கடலுக்கு அப்பால்' 1959இலும் 'புயலிலே ஒரு தோணி' 1972இலும் வெளியாயின. இரண்டாவது நாவலைப் படிப்பவர், ஒரே போர்க்காலத்துக்கு அவர் ஏன் மீண்டும் திரும்பினார், முதல் நாவலில் அடங்காதது எது, நினைவுகூரும் மனத்தின் தாவலுக்கு ஏற்ற அந்த உரைநடையை எங்கே கண்டெடுத்தார் என்று கேட்காமல் இருக்க முடியாது. அவ்விரண்டோடு அவர் நாவல் எழுதுவதை நிறுத்திக்கொண்டார் என்பது தமிழ் இலக்கியச் சூழல் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய மற்றொரு வினா.

ராஜம் கிருஷ்ணன் இதற்கு எதிர்த்திசையில் இயங்கியவர். நிகழ்ச்சி தம்மைத் தேடி வரக் காத்திராமல், 'கரிப்பு மணிகள்' நாவலுக்காகத் தூத்துக்குடி உப்பளங்களுக்கும், 'கூட்டுக்குஞ்சுகள்' நாவலுக்காகச் சிவகாசிக்கும் சென்று, தொழிலாளரோடு பேசி எழுதினார். களத்தில் கண்டவற்றை அவர் தம் முன்னுரைகளில் விரித்துரைத்திருக்கிறார். நாவலின் பிறப்பைப் பற்றித் தமிழில் கிடைக்கும் நம்பத்தகுந்த சான்றுகளுள் அம்முன்னுரைகள் முக்கியமானவை.

டால்ஸ்டாயைப் பற்றி இவ்வளவும் சொல்ல முடிவது, 1928 முதல் 1958 வரை தொண்ணூறு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய முழுப் பதிப்பு, கைவிடப்பட்ட தொடக்கங்களையும் நாட்குறிப்பையும் கடிதங்களையும் சேர்த்தே அச்சிட்டிருப்பதால்தான். தமிழிலோ, நூல் அச்சேறியதும் கையெழுத்துப்படி பயனற்ற தாளாகக் கருதப்படும் வழக்கம் இன்னும் மாறவில்லை. எழுத்தாளர் மறைந்ததும் வீட்டைக் காலிசெய்யும் அவசரத்தில் குறிப்பேடுகள் பழைய தாளோடு எடைக்குப் போகின்றன. மறுபதிப்புகளில் இடம் கருதி முன்னுரைகளும் நீக்கப்படுகின்றன. கணினியில் எழுதும் தலைமுறையில் ஒவ்வொரு திருத்தமும் முந்தைய வடிவத்தை அழித்துவிடுவதால் இழப்பு இன்னும் மிகுதியாகிறது. பதிப்பாளர்கள் மறுபதிப்புகளில் முன்னுரைகளைக் காக்க வேண்டும். குடும்பத்தினர் குறிப்பேடுகளை நூலகங்களிடம் ஒப்படைக்க வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் அவற்றைப் பெற்றுப் பட்டியலிட்டு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். எழுதுவோரும் ஒவ்வொரு வரைவையும் நாளிட்டுத் தனியே சேமித்துவைக்கப் பழக வேண்டும்.