தெரு யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ், மோட்டார்காருக்கென்றே வீதி வகுத்துக் கொண்ட நகரம். அங்கேயே 2010-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி, சுமார் 7 மைல் தூரம் கார்களை நிறுத்திவிட்டு, நடப்பவர், சைக்கிள்காரர், குழந்தைகள் யாவருக்கும் தெருவைத் திறந்து விட்டார்கள். இதற்கு வழிகாட்டியது, 1974-லேயே இவ்வேற்பாட்டைத் தொடங்கி ஞாயிறுதோறும் நடத்திவரும் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரமாகும்.

இதனால் வானம் இடிந்து விழுந்து விட்டதா? ஆகவே, தெரு காருக்கே என்பது மனிதன் செய்த ஏற்பாடேயொழிய மாற்ற முடியாத விதியல்ல.

ஆனால், திறந்த தெருவில் சைக்கிள்காரன் குழந்தையை மணியடித்து விரட்டுவானேயானால், காரோட்டியின் ஆணவம் இரண்டு சக்கரத்தில் ஏறிக்கொண்டதென்றே சொல்லுவோம். எஜமானனை மாற்றுவது விடுதலையாகாது. மெதுவாய்ப் போகிறவனுக்கு வேகமாய்ப் போகிறவன் வழிவிடுகிற இடமே பொதுத் தெருவாகும்.